பழைய ஆம்னி வேனில் இரண்டாம், மூன்றாம் கியர்களில் இரைச்சல்: பெட்டியைப் பிரிக்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கேள்வி: ஊத்துக்குளி வேன்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் வெட்டிக் கட்டிய பனியன் துணியைக் குன்னத்தூர், பெருமாநல்லூர், ஊத்துக்குளிப் பக்கமுள்ள தையல் யூனிட்டுகளில் இறக்குவதும், தைத்து முடித்த பீஸ்களை மாலையில் ஏற்றி வருவதும் என் தொழில். அதற்காக 2008ஆம் ஆண்டு மாருதி ஆம்னி வேன் ஒன்றை வைத்திருக்கிறேன். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி என்றாலும் எஞ்சினில் குறை ஏதும் இல்லை. புகை இல்லை, ஆயில் குடிப்பதும் இல்லை. சந்தேகமெல்லாம் கியர்பாக்ஸின் மீதுதான்.

இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது "ஊ" என்று ஓர் இரைச்சல் எழுகிறது. வேகம் கூடக்கூட அதன் சுருதியும் ஏறுகிறது. நான்காம் கியருக்கு மாற்றியதும் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டால், அரிசி போடாமல் வெறுமனே சுற்றும் கிரைண்டர் கல்லைப் போல இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரப்பு கேட்கிறது. கிளட்ச் பெடலை முழுவதும் மிதித்தால் ஓரிரு நொடிகளில் அது நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் மீண்டும் தொடங்குகிறது. இவை போதாதென்று, காலையில் வண்டி குளிர்ந்திருக்கும் நேரத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பல் உரசும் சத்தமும் வருகிறது. சில நேரங்களில் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் மூன்றாம் கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

வழக்கமாக நான் விடும் பட்டறையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி முடிந்துவிட்டது, பழைய வண்டிக் கடையில் ஒரு பெட்டி வாங்கி மாற்றிவிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு மெக்கானிக்கோ இது கியர்பாக்ஸே இல்லை, பின் அச்சிலுள்ள கிரவுன்-பினியன் பற்சக்கரங்கள் தேய்ந்த சத்தம் என்கிறார். இரண்டு பேருமே வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியைக் கழற்றாமலேயே கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டறிய வழி உண்டா? கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், இருக்கும் பெட்டியைச் சரி செய்வதா, பழைய பெட்டி வாங்கிப் போடுவதா? அதுவரை இந்த வண்டியில் சுமை ஏற்றி ஓட்டலாமா?

பதில்: பீளமேடு பணிமனை

தம்பி, நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. பேருந்துப் பணிமனையில் கியர்பாக்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சத்தம் எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கேட்காமல் பெட்டியை இறக்கச் சொல்பவர் எவரானாலும் அவர் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் நீளவாக்கில் இருக்கிறது. அதன் பின்னால் கிளட்ச், அதற்குப் பின்னால் நான்கு கியர் பெட்டி, அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சுக்கு விசை போகிறது. பெட்டிக்குள் கிளட்சிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட், கீழே அதற்கு இணையாக ஓடும் லே ஷாஃப்ட், பின்பக்கம் வெளியேறும் மெயின் ஷாஃப்ட் ஆகியவை இருக்கின்றன. கிளட்ச் பெடல் மேலே இருக்கும் வரையில், எந்தக் கியரிலும் போடாவிட்டாலும்கூட, இன்புட் ஷாஃப்டும் லே ஷாஃப்டும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றிருந்தால் மெயின் ஷாஃப்ட் மட்டும் சுற்றாது. பெடலை மிதித்தால் இன்புட் ஷாஃப்டுக்கு விசை அறுந்து, இரண்டும் சற்று நேரத்தில் நின்றுவிடும்.

ஆகவே நியூட்ரலில் கேட்டு, பெடலை மிதித்தால் நிற்கும் கரகரப்பு இன்புட் ஷாஃப்ட் பேரிங்கிலோ லே ஷாஃப்ட் பேரிங்கிலோ இருந்துதான் வர முடியும். கிரவுன்-பினியன் அந்த நேரத்தில் அசையவே இல்லை; நின்றிருக்கும் வண்டியில் அதைக் குற்றம் சொல்வதற்கு வழியே இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஆம்னியின் எஞ்சின் மூன்று சிலிண்டர் கொண்டது. ஐடிலிங் வேகம் குறைவாக இருந்தாலும், கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தாலும், எஞ்சினின் துடிப்பு பெட்டிக்குள் போய்ப் பற்களை ஒன்றோடொன்று தட்ட வைக்கும். ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி ஐடிலிங்கை ஏற்றும்போது சத்தம் மறைந்துவிட்டால் அது இந்த வகைத் தட்டல். வேகத்தோடு சேர்ந்து சத்தமும் கூடினால் பேரிங்.

இதற்கு நேர் எதிரான நிலையையும் பாருங்கள். பெடலில் காலை மெதுவாக வைத்து, அதன் வெற்று அசைவு முடியும் இடம் வரை மட்டும் அழுத்துங்கள். அந்த இடத்தில் கீச்சென்று சத்தம் தொடங்கினால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். பெடலை முழுவதும் மிதித்துக் கியரில் போட்டு வண்டியை நிறுத்தியிருக்கும்போது மட்டும் சத்தம் கேட்டால், ஃப்ளைவீலின் நடுவில் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் சிறு பேரிங்கைச் சந்தேகிக்கலாம். உங்கள் வண்டியில் இந்த இரண்டும் இல்லை என்று தோன்றுகிறது.

அடுத்து நான்காம் கியர். உங்கள் பெட்டியில் நான்காம் கியர் நேரடிக் கியர்; அதில் இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு விசை நேராகப் பின்னால் போய்விடும். லே ஷாஃப்ட் சுற்றும், ஆனால் பாரம் தாங்காது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய கியர்களில்தான் விசை லே ஷாஃப்ட் வழியாக இறங்கி ஏறுகிறது. கீழ்க் கியர்கள் எல்லாவற்றிலும் இரைந்து, நான்கில் அடங்கும் சத்தம் லே ஷாஃப்டின் பேரிங்கையோ, அதன் பற்களையோதான் காட்டுகிறது. நான்கிலும் அதே அளவு இரைந்தால் மெயின் ஷாஃப்டின் பின் பேரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் அச்சு என்று தேடல் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் இரைந்தால் அந்தக் கியரின் பற்களோ, அது மெயின் ஷாஃப்டின் மேல் சுற்றும் ஊசி பேரிங்கோ காரணம். முதல் கியரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதையும் கவனித்துச் சொல்லுங்கள். ரிவர்ஸில் இரைவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதன் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. புதிய வண்டியிலும் இரையும்.

இரண்டாம் கியரில் உரசும் சத்தம் வேறு விஷயம், அதை இதனோடு குழப்பக் கூடாது. கியர் விழும்போது வேகங்களைச் சமமாக்கும் பித்தளை சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது கிளட்ச் முழுமையாக விடுபடாமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். எதுவென்று அறிய எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, பெடலை முழுவதும் மிதித்து, நான்கைந்து நொடிகள் பொறுத்து, பிறகு ரிவர்ஸில் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் சரியாக விடுபட்டால் உள்ளே எல்லாம் நின்றிருக்கும், சத்தமின்றி விழும். பொறுத்த பிறகும் உரசினால் கிளட்ச் கேபிளையும் பெடல் அசைவையும் முதலில் சரி செய்யுங்கள். இழுக்கும் கிளட்சை வைத்துக்கொண்டு புதுச் சிங்க்ரோ ரிங் போட்டால் அந்த ரிங்கும் சீக்கிரமே போய்விடும்.

பதில்: சத்தி டிராவலர்

பெரியவர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். இருந்தாலும் பின் அச்சை இவ்வளவு சீக்கிரம் விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் வழியாக ஆசனூருக்கு டிராவலர் வேன் ஓட்டுகிறேன். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரும் முதல் கியருமாகவே ஏறி இறங்க வேண்டிய சாலை அது. என் வண்டியில் கீழ்க் கியர்களில் வந்த அதிர்வைக் கியர்பாக்ஸ் என்று ஒரு பட்டறையில் தீர்மானமாகச் சொன்னார்கள். கடைசியில் இரண்டு துண்டுகளாக உள்ள புரொப்பல்லர் ஷாஃப்டின் நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது. பாரத்தோடு கிளம்பும்போது ஷாஃப்ட் துள்ளி, அந்த அதிர்வு தரைத் தகடு முழுவதும் பரவியிருக்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் மட்டும் சொல்லிவிட முடியாது. மூடிய வேனில் அது இன்னும் கடினம்.

எனவே ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றையும் செய்யுங்கள். அவிநாசி–செங்கப்பள்ளி இடையே நெடுஞ்சாலை சமமாக, நேராக இருக்கும் இடத்தில், போக்குவரத்துக் குறைந்த நேரம் பார்த்து, 50 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றி நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் ஐடிலிங்கிலேயே உருளவிடுங்கள். எஞ்சின் வேகம் இறங்கியவுடன் இரைச்சலும் இறங்கினால் அது கியர்பாக்ஸின் முன்பகுதி. வண்டி உருளும் வேகத்துக்கு ஏற்ப அதே சுருதியில் இரைந்துகொண்டே வந்தால், மெயின் ஷாஃப்டின் பின் பேரிங்கிலிருந்து சக்கர பேரிங் வரை உள்ளவற்றில் ஒன்று. அப்போது ஸ்டீயரிங்கை இருபுறமும் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாயும்போது மட்டும் சத்தம் கூடினால் அது சக்கர பேரிங். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி என்று இரண்டு விதமாக இரைவது கிரவுன்-பினியனின் குணம். மலைச் சாலை இறக்கத்தில் மட்டும் நியூட்ரலில் போட்டுச் சோதிக்கவே கூடாது. எஞ்சின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

புரொப்பல்லர் ஷாஃப்டைச் சோதிப்பது எளிது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். ஷாஃப்டின் முனையிலுள்ள கிராஸ் ஜாயிண்டில் தளர்ச்சி இருந்தால் கையில் ஒரு "டக்" தெரியும். ஜாயிண்டின் மூடியைச் சுற்றிச் செந்தூரம் பூசியது போலத் துரு படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் அரைபட்டுக்கொண்டிருக்கின்றன.

பழைய பெட்டி வாங்கிப் போடுவதை அடியோடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆம்னியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. அதன் பிறகு உடைக்க வந்த வண்டிகளில் குறைவாக ஓடிய நல்ல பெட்டிகளும் இருக்கின்றன. அன்றாடம் வண்டி ஓடினால்தான் வருமானம் என்பவருக்கு, ஒரே நாளில் மாற்றி அனுப்புவது பெரிய விஷயம்.

கேள்வி கேட்டவர்: ஊத்துக்குளி வேன்

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை முடிந்தவரை செய்து பார்த்தேன்.

நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை ஏற்றினால் கரகரப்பு குறையவில்லை, கூடுகிறது. நீண்ட திருப்புளியின் நுனியைப் பெட்டியின் ஓட்டில் பல இடங்களில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். முன்பக்கம் கிளட்ச் உறைக்கு அருகில் மெல்லிய இரைச்சல் மட்டும். பின்பக்கம் கீழ்ப்பகுதியில் வைத்தபோது கற்களை அரைப்பது போன்ற சத்தம் கையிலேயே உணர முடிந்தது. முதல் கியரிலும் இரைச்சல் உண்டு. அதில் அதிக நேரம் ஓட்டாததால் இதுவரை கவனத்துக்கு வரவில்லை. சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலில் போட்டதும் இரைச்சல் எஞ்சினோடு சேர்ந்து இறங்கிவிட்டது. உருளும்போது டயர் ஓசை மட்டுமே. கிராஸ் ஜாயிண்டில் தளர்ச்சி தெரியவில்லை. பெடலை மிதித்துப் பொறுத்துப் போட்டால் ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது.

கியர் ஆயிலையும் இறக்கிப் பார்த்தேன். நிரப்பும் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டிய ஆயில் அதற்கு வெகுவாகக் கீழே இருந்தது. பின்பக்க ஆயில் சீல் கசிந்து, புரொப்பல்லர் ஷாஃப்டின் முன் முனை முழுவதும் தூசியும் ஆயிலுமாகப் படிந்திருக்கிறது. இறக்கிய ஆயில் கறுத்திருந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பொன்நிறத் துகள்கள் மின்னுகின்றன. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலித்தீன் பையில் சுற்றி ஆயிலில் விட்டு எடுத்தேன். சாம்பல் நிறக் களிம்போடு, நகத்தால் எடுக்கக்கூடிய அளவில் மெல்லிய வெள்ளிச் செதில்களும் ஒட்டியிருந்தன. சென்ற முறை ஆயில் மாற்றியது வேறொரு பட்டறையில். என்ன ஆயில் என்று கேட்டதற்கு, "பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலுக்கு ஊற்றுவதையே ஊற்றினோம்" என்கிறார்கள். அதனால் ஏதாவது கெடுதல் உண்டா?

பதில்: குறிச்சி லேத்

கெடுதல் உண்டு, ஆனால் உங்கள் பேரிங் போனதற்கு அது முதல் காரணம் இல்லை. குறைந்த ஆயில்தான் முதல் காரணம்.

டிஃபரன்ஷியலில் ஊற்றுவது பெரும்பாலும் ஜிஎல்-5 என்ற தரத்துக் கியர் ஆயில். கிரவுன்-பினியனில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கித் தேய்வதால், அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள் அதில் அதிகமாக, ஜிஎல்-4 ஆயிலைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்காக, இருக்கும். பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள பெட்டியில் இது இரண்டு விதத்தில் ஒத்துவராது. சூடேறும்போது சில வகை ஆயில்களிலுள்ள கந்தகம் பித்தளையை அரிக்கும். அதைவிட, ரிங் கியரின் கூம்பைப் பிடித்து வேகத்தைச் சமமாக்குவதற்கு உராய்வு வேண்டும். அதிகம் வழுக்கும் ஆயில் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். உங்கள் ஆயிலில் மின்னிய பொன்நிறத் துகள் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. சாம்பல் களிம்பு எந்தப் பழைய பெட்டியிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. செதில்தான் கவலைக்குரியது, பேரிங்கின் ஓடுபாதையிலிருந்தோ பல்லின் மேற்புறத்திலிருந்தோ கெட்டியான உருக்கு உரிந்து வருகிறது என்று பொருள்.

நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் லே ஷாஃப்டின் பின் பேரிங்கைக் காட்டுகின்றன. மூன்றாம் கியர் கழன்று வருவதற்கும் அதனோடு தொடர்பு இருக்கலாம். சாய்வாக வெட்டிய பற்கள் ஷாஃப்டை அச்சுவாக்கிலும் தள்ளும்; ஆக்சிலரேட்டரை விட்டவுடன் அந்தத் தள்ளல் எதிர்த் திசைக்கு மாறும். பேரிங் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்து, பற்கள் முழு அகலத்துக்கும் பொருந்தாமல் போகும். அதோடு கியரைப் பூட்டும் சிறு பற்களின் முனை மழுங்கியிருந்தாலோ, கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் தேய்ந்திருந்தாலோ, ஃபோர்க் தண்டைப் பிடிக்கும் குண்டின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலோ கியர் கழலும். பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கையும், லீவரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் இணைப்புகளின் புஷ்களையும் மறக்காமல் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால், கியர் பாதியளவே விழுந்திருக்கும். உள்ளே எவ்வளவு செலவு செய்தாலும் கழல்வது நிற்காது. இதை மட்டும் பெட்டியை இறக்காமலேயே பார்த்துவிடலாம்.

பழைய பெட்டி விஷயத்தில் நான் சத்தி நண்பரிடமிருந்து மாறுபடுகிறேன். கழற்றி மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். வாங்கும் பெட்டி எவ்வளவு ஓடியது, எந்த ஆயிலில் ஓடியது என்பது விற்பவருக்கே தெரியாது. ஆயில் வடிந்த நிலையில் வெளியில் கிடந்த பெட்டியில் மழைக்காலத்தில் பேரிங்கின் ஓடுபாதையில் துருப் புள்ளி விழுந்திருக்கும். மாட்டும்போது அமைதியாக இருந்து, பாரத்தில் ஓடத் தொடங்கியதும் இரையும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியரிலும் போட்டுப் பாருங்கள். பின் ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்துத் தளர்ச்சி பாருங்கள். இன்புட் ஷாஃப்டின் பள்ளங்கள் உங்கள் கிளட்ச் பிளேட்டில் சரியாக நுழைகின்றனவா என்றும், ஸ்பீடோமீட்டர் இணைப்பு ஒன்றுதானா என்றும் பாருங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

என் முடிவு இதுதான். உங்கள் பெட்டியையே பிரியுங்கள், ஆனால் பிரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். பேரிங்கை டீசலில் நன்றாகக் கழுவி, காற்றடித்துச் சுழற்றாமல், கையில் பிடித்து உள் வளையத்தை மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பேரிங் எண்ணெய் தடவிய விரலைப் போலச் சீராகத் திரும்பும் என்று சொல்வதைக் காட்டிலும், கெட்டதைக் கையில் வாங்கிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்: திருப்பும்போது ஒரே இடத்தில் சிறு மணல் இடறும். குண்டுகளுக்கு இடையே வெளிச்சம் பிடித்தால் ஓடுபாதையில் ஊசி முனையளவு குழிகளும், சில இடங்களில் உரிந்த திட்டும் தெரியும். பின் பேரிங் ஒன்று மட்டும் போயிருந்தாலும் லே ஷாஃப்ட், இன்புட் ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட் பேரிங்குகளையும் எல்லா ஆயில் சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அதே செதில்கள் ஆயிலோடு சுற்றி எல்லாவற்றிலும் புகுந்து வந்திருக்கின்றன. இன்று மிச்சப்படுத்தும் பேரிங்குக்காக மறுபடியும் முழுக் கூலி கொடுக்க நேரும்.

பேரிங் வாங்கும்போது பழையதன் மேல் பொறித்த எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். எடுத்துக்காட்டாக 6205 என்றிருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களை 5ஆல் பெருக்கினால் வரும் 25 மில்லிமீட்டர்தான் உள் துளை. வெளி விட்டம் 52, அகலம் 15. எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். அது உள் இடைவெளி சற்று அதிகமுள்ள வகை, சூட்டில் விரியும் ஷாஃப்டுக்காக வைப்பது. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார். ஒன்றல்ல.

ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்தி ஏற்ற வேண்டும். வெளி வளையத்தில் சுத்தியலால் அடித்தால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் பதித்துவிடும். புது பேரிங் முதல் நாளே இரையும். பிரஸ் இல்லாத இடத்தில் பேரிங்கை எண்ணெயில் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கையாலேயே இறங்கிவிடும். அதற்கு மேல் சூடாக்கக் கூடாது. ரப்பர் மூடி போட்ட பேரிங்கை இந்த முறையில் சூடாக்கவே வேண்டாம்.

இன்னொரு இடத்தில் கவனமாக இருங்கள். பேரிங்கின் வெளி வளையம் அலுமினிய ஓட்டில் சுற்றியிருந்தால் அது உட்காரும் இடம் பளபளவென்று தேய்ந்து அகன்றிருக்கும். அதில் புது பேரிங் தொளதொளவென்று போய் உட்காரும். ஓட்டில் பஞ்ச் அடித்துப் புள்ளி எழுப்பி இறுக்குவது பல பட்டறைகளின் பழக்கம். அந்தப் புள்ளிகள் சில மாதங்களில் நசுங்கிவிடும், லே ஷாஃப்டும் நேர் தவறும். எங்கள் பக்கம் கோவையில் அந்த இடத்தைக் கடைந்து அகலப்படுத்தி (போரிங்), உள்ளே புது வளையம் (ஸ்லீவ்) போட்டுத் தரும் லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. பெட்டியின் அலுமினிய ஓட்டை மட்டும் எடுத்து வந்தால் போதும்.

சிங்க்ரோ ரிங்கை அதன் கூம்பின் மேல் அழுத்தி வைத்து, ரிங்குக்கும் கியருக்கும் இடையே உள்ள இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். இந்த அளவுப் பெட்டிகளில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் ரிங்கை மாற்றிவிடுவது நல்லது. திட்டவட்டமான எல்லையைப் பணிமனைக் கையேட்டில் பாருங்கள். லே ஷாஃப்ட் பற்களில் குழி விழுந்திருந்தால் அதையும், அதனோடு கோக்கும் மெயின் ஷாஃப்ட் கியரையும் ஜோடியாக மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைக் கோத்தால் இரைச்சல் தொடரும்.

பிரிக்கும் வரை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆயிலை அளவுக்கு நிரப்பி, பாரத்தைக் குறைத்து, ஊருக்குள் ஓட்டலாம். பேரிங்கின் கூண்டு உடைந்து துண்டுகள் பற்களுக்கு இடையே போனால் ஓடே பிளந்து, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடும். கரகரப்பு திடீரென்று தட்டலாக மாறினால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஊத்துக்குளி வேன்

பெட்டியைப் பிரித்தாயிற்று. லே ஷாஃப்டின் பின் பேரிங் நீங்கள் சொன்னபடியே உரிந்திருக்கிறது. இன்புட் ஷாஃப்ட் பேரிங்கில் குழிகள் தொடங்கியிருக்கின்றன. பற்களில் குறை இல்லை. இரண்டாம் கியரின் சிங்க்ரோ ரிங் கூம்பில் முழுவதும் போய் உட்கார்ந்துவிடுகிறது, கேஜின் மெல்லிய தகடுகூட நுழைய இடமில்லை. மூன்றாம் கியரைப் பூட்டும் பற்கள் கூர்மையாகவே இருக்கின்றன. ஆனால் பெட்டியின் ரப்பர் மவுண்டிங் கிழிந்து இரண்டாகியிருக்கிறது. பின் பேரிங் உட்காரும் இடம் பளபளக்கிறது. மெக்கானிக் அண்ணன் பஞ்ச் எடுத்தார். நான் தடுத்து ஓட்டைக் கோவைக்கு எடுத்து வருகிறேன். மாட்டிய பிறகு ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?

பதில்: குறிச்சி லேத்

கொண்டு வாருங்கள், பேரிங்கையும் கூடவே எடுத்து வாருங்கள், அதன் வெளி விட்டத்தை அளந்துதான் ஸ்லீவின் உட்புறத்தைக் கடைய வேண்டும். மாட்டுவதற்கு முன் ஓட்டின் மேலுள்ள சுவாசத் துளையில் கம்பியை விட்டு அடைப்பை நீக்குங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புது சீலையும் கசிய வைக்கும். முதல் ஆயிலை 1000 கிலோமீட்டர் ஓடியதும் இறக்கி, அதே காந்தத்தை விட்டுப் பாருங்கள். களிம்பு மட்டும் இருந்தால் புது ஜிஎல்-4 ஆயிலை நிரப்பி, அதற்குப் பிறகு கையேட்டில் உள்ள கணக்குப்படி மாற்றி வாருங்கள்; செதில் இருந்தால் ஓட்டாமல் எனக்கு எழுதுங்கள்.